அனாமத்து

கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில்
வண்டி மூன்றாவது கியரில் உட்கார்ந்துகொண்டு
இனி இதுதான் என்றது.
பின்னால் வந்த மாநகரப் பேருந்து
என் ஏழு தலைமுறையையும் ஹாரனில் விசாரித்தது.
ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தச்
சத்தம் மட்டும் ஏறியது.

அதற்கு முன்பே இரண்டு மாதம்
பிளக் மாற்றினோம். காயில் மாற்றினோம்.
கியர் ஆயிலை வடித்துப் பார்த்து
"தேன் மாதிரி இருக்கு மேடம்" என்று வருத்தப்பட்டார் ஏசுபாதம்.
குறை இல்லாதது அவருக்கு ஒரு குறை.
பில்லில் மட்டும் குறையே சொல்ல முடியாது,
வரிவரியாக, ஜிஎஸ்டியோடு.

கடைசியில் இடப்பக்கக் கால்மிதியைத் தூக்கினார்.
கார்ப்பெட்டுக்கு அடியில் இன்னும் டிசம்பர் இருந்தது,
வேளச்சேரி ஏரி எங்கள் வாசல்வரை வந்துபோன டிசம்பர்.
அதில் ஓர் அலுமினியப் பெட்டி,
டிபன் பாக்ஸ் மூடி அளவு.
பின்களில் பச்சைக் களிம்பு.

"மூளை போயிடுச்சு."
எல்லோரும் அதை மூளை என்றுதான் சொல்கிறார்கள்.
இருபத்திரண்டு வருடம் ஆடிட்டர் ஆபீசில்
குப்பை கொட்டியவளுக்கு
அது கணக்கப்பிள்ளையாகத் தெரிந்தது.
எஞ்சின் இத்தனை சுற்று என்றால் எழுதிக்கொள்கிறான்.
சக்கரம் இவ்வளவு வேகம் என்றால் எழுதிக்கொள்கிறான்.
கூட்டிக் கழித்துக் கியருக்கு ஒரு சீட்டு அனுப்புகிறான்.
நனைந்த பேரேட்டில் ஐந்து எட்டாகத் தெரிந்தால்
என்ன செய்வான்,
பயந்துபோய் மூன்றிலேயே இருந்துவிட்டான்.
எங்கள் ஆபீசிலும் ஒருவர் இருந்தார் அப்படி.

கம்பெனியில் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
ஆறு வாரம் என்றார்கள், ஆறு என்றால் எட்டு.
கிளட்ச் உள்ள வண்டிக்கு
என் இடது கணுக்கால் தகடு சம்மதிக்காது.

புதுப்பேட்டையில்
ஒரு தெரு முழுக்கக் கதவுகள், வீடுகள் இல்லாமல்.
அடுத்த தெருவில் ஹெட்லைட்டுகள்,
பகல் பதினொரு மணியை வெறித்தபடி.
குலாம் தஸ்தகீர் பரண்மேல் ஏறி
ஒரு பெட்டியை எடுத்து பனியனில் துடைத்தார்.
கடைசி எழுத்துவரை அதே நம்பர்.
"எந்த வண்டியிலிருந்து?"
"நல்ல வண்டிம்மா."
பதினெட்டாயிரத்து ஐநூறு.
ஓடாவிட்டால் வேறு தருவார், பணம் தரமாட்டார்.

மாற்றுவதற்குப் பத்து நிமிடம்.
நாலு போல்ட், இரண்டு கனெக்டர், ஒரு 'க்ளக்'.
சாவியைத் திருப்பினேன்.
உன்னைத் தெரியாது என்றது வண்டி.
டேஷ்போர்டில் சிவப்புப் பூட்டு மினுக்கியது.

அம்பத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள் பூவிழி,
ஒரே பையில் லேப்டாப்பும் லெமன் சாதமும்.
பழைய பதினேழு எழுத்தின்மேல்
என் வண்டியின் பதினேழை அடித்தாள்.
பிறகு விரலை நிறுத்தினாள்.
"பழைய என்ட்ரி ஒண்ணு இருக்கு."

வேகம் எழுபத்தாறு.
பிரேக், ஆம்.
ஏர்பேக், திறந்தது.
கிலோமீட்டர் எழுபத்தோராயிரத்து முந்நூற்று நாலு.
அதற்குக் கீழே வரி இல்லை.

பெயர், ஊர், மழையா வெயிலா
கணக்கப்பிள்ளை அதெல்லாம் எழுதுவதில்லை.
ஏசுபாதம் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்,
ஏற்கெனவே துடைத்த ஸ்பானரை.

"அழிச்சிடட்டா? அழிச்சாத்தான் லைட் அணையும்."

எங்கள் தொழிலில் அழிப்பதில்லை.
தப்பென்றால் மேலே ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்,
அடியில் எழுத்து தெரியவேண்டும்.
இதில் தப்பும் இல்லை.
சரி என்றேன்.
லைட் அணைந்தது.

"கியரோட பழக்கத்தை மட்டும் அழிக்க முடியல,"
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னாள்.
"ஓட்ட ஓட்ட உங்க காலைக் கத்துக்கும்."

நேற்று மறுபடி கத்திப்பாரா.
நான் விரட்டுகிற இடத்தில்
அலுங்காமல் மாறுகிறது கியர்,
பின்சீட்டில் யாரோ தூங்குவதுபோல.

மீட்டர் நாற்பத்தெட்டாயிரத்து நூற்றுப் பத்து என்கிறது.
பெட்டி எழுபத்தோராயிரத்துச் சொச்சம் என்கிறது.
இரண்டும் ஒரே வண்டி.
வித்தியாசத்தை எங்கே வைப்பது என்று
எனக்கு ஒரு வழிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
கிண்டி சிக்னலில்
தஸ்தகீர் கடைப் பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
அனாமத்து, 23,194 கி.மீ.
பேனாவை மூடுவதற்குள்
பின்னால் ஹாரன்.